ரத்தம் வராத ஈறுகள்

பல் துலக்கித் துப்பினால் வாஷ்பேசினில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். சில மாதங்களாகவே அப்படித்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். காலை அவசரத்தில் குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒருநாள் கொய்யாப்பழத்தைக் கடித்தபோது பழத்தில் ரத்தம் ஒட்டியிருந்தது. அன்றுதான் பயந்தேன்.

என் கணவர் காதர் மேலப்பாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். அதற்கு முன் வெகுகாலம் துபாயில் கிரேன் ஓட்டினார். அவர் பல்லில் ஒரு குறையும் இல்லை என்றுதான் இருவரும் நம்பியிருந்தோம்.

"என் ஈறப் பாரு, ஒரு சொட்டு ரத்தம் வருதா? நீ பல்லத் தேய்க்கல, அறுக்குத" என்று கேலி செய்வார்.

பல்லைத் தாங்கும் ஈறையும் எலும்பையும் பற்றித் தனியாகப் படித்த ஒரு பெண் மருத்துவரிடம் அவர்தான் ஆட்டோவில் அழைத்துப் போனார். மருத்துவர் என் வாயைப் பார்த்துவிட்டு, மேலோட்டமான ஈறு அழற்சிதான் (கிருமியால் ஈறு சிவந்து வீங்குவது), சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு மூச்சு வந்தது. கதவோரம் நின்று நன்றி சொன்ன என் கணவரை அவர் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்களும் ஒரு நிமிஷம் உட்காருங்க."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மெல்லிய ஆய்வுக்கம்பி (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை அளக்கும் கருவி) அவர் கீழ்வரிசையில் ஆழமாக இறங்கியது. ரத்தமே வரவில்லை. மருத்துவர் விரல் வைத்ததும் முன்பல் ஒன்று ஆடியது. எக்ஸ்ரேயில், ஆற்றங்கரை மண் சரிந்து மரத்தின் வேர் வெளியே தெரிவதுபோல, எலும்பு கீழே இறங்கியிருந்தது.

"சிகரெட் உண்டா?"

கணவர் என்னைப் பார்த்தார். "உண்டு டாக்டரம்மா. ராத்திரி டூட்டியில தூங்கிரக் கூடாதுன்னு புடிச்சது. இங்கன வந்தும் விட முடியல."

மருத்துவர் நிதானமாக விளக்கினார். ஈறு முழுக்கத் தந்துகிகள் (முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள்) இருக்கின்றன. அவற்றுக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாய்கள் நரம்பு சொன்னால் சுருங்கும். குழாயின் உட்சுவரில் சுரக்கும் சில பொருட்கள் அவற்றை விரிக்கும். கிருமி சேரும் இடத்தில் அவை விரிந்து கூடுதல் ரத்தத்தைக் கொண்டுவர வேண்டும். சிவப்பும் வீக்கமும் கசிவும் அதனால் வருபவை. நிகோட்டின் அந்தக் குழாய்களை இறுக்குகிறது. ஆண்டுக்கணக்கில் புகைத்தால் அந்த விரியும் பழக்கமே மங்கிவிடுகிறது.

"டீச்சருக்கு ஈறு சத்தம் போட்டுக் கூப்பிட்டுது. இவங்க ஈறுக்குக் கூப்பிடக்கூடத் தெம்பு இல்ல" என்றார்.

அன்றே கணவர் சிகரெட்டை நிறுத்தினார். சிடுசிடுத்தார், ஏலக்காயை மென்றபடி வண்டி ஓட்டினார். சில வாரங்கள் போயின.

ஒரு மாலை பள்ளிவாசலிலிருந்து முகம் வாடி வந்தார். தொழுகைக்கு முன் ஒளு (கை, வாய், முகம், கால் கழுவுவது) செய்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாக விழுந்ததாம். பக்கத்திலிருந்தவர் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாராம். சட்டைப்பையிலிருந்து புதிய சிகரெட் பாக்கெட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"குடிச்ச வரைக்கும் ஒரு சொட்டு வரல. விட்ட பொறவு ஊத்துது. இது என்ன ஞாயம் சொல்லு?"

அவரோடு சேர்ந்து நானும் பயந்தேன். மருத்துவருக்குப் போன் போட்டு, கணவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. குழாய்ங்க திரும்ப வேலைக்கு வருது. நோய் புதுசா வரல, இத்தனை நாள் மறைஞ்சிருந்தது இப்போ தெரியுது. நாளைக்கு வாங்க, பார்ப்போம். அந்த சிகரெட்ட மட்டும் தொட்டுராதீங்க."

பாக்கெட்டை வெளியே கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தார். கொஞ்சம் கழித்து மறுபடி போய் எட்டிப் பார்த்தார். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

அவருக்கு ஆழமாகச் சுத்தம் செய்த பிறகும் சில பள்ளங்கள் குறையவில்லை. ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்யும் சிறு அறுவை சிகிச்சை நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டதும் ஈறு சுண்ணாம்பாக வெளுத்தது. நான் பதறினேன். ஊசியில் குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்திருக்கிறது, சற்று நேரத்தில் நிறம் திரும்பிவிடும் என்றார் மருத்துவர். ஆடிய பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. "இங்க தாங்கம்மா" என்று கணவர் அதைக் கேட்டு வாங்கி, பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மற்றவை நின்றன.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலிக்கவில்லை, ரத்தம் வரவில்லை என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். புகைப்பதை நிறுத்தியபின் கசிவு வந்தால் மனம் தளர்ந்து பழையபடி ஆகிவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். போன எலும்பு முழுதாகத் திரும்பாது என்று எங்களிடமும் சொல்லிவிட்டார்கள். இருப்பது நிலைக்கும் என்றார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறோம். எங்கள் வீட்டில் பெருநாளுக்கும் பள்ளி விடுமுறைக்கும் நடுவே அந்த நாட்களும் சேர்ந்துவிட்டன.

இப்போது அவர் வாய் கொப்பளித்தால் தண்ணீர் தெளிவாக விழுகிறது. முன்பும் தெளிவாகத்தான் விழுந்தது. அதனால் எனக்கு அது மட்டும் போதவில்லை. போன வாரம் அவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, உதட்டை விலக்கி, ஈறை விரலால் அழுத்தினேன். அந்த இடம் வெளுத்தது. விரலை எடுத்தேன். ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பு பைய ஏறி நடுவில் கூடியது.

"வந்துட்டா?" என்றார், வாயைத் திறந்தபடியே.

"வந்துட்டு."