எத்தனை மூலை ஸ்டார்

எதிரே வரும் வண்டிக்காரர்கள் லைட்டை அடித்து அடித்து அணைத்தபோது, எனக்கு வணக்கம் வைக்கிறார்கள் என்று நினைத்து, பதிலுக்கு நானும் அடித்துக் காட்டிய மடையன் நான். இருபது வருடம் லாரி ஓட்டியவனுக்கு இப்போதாவது ஊர் மரியாதை கொடுக்கிறதே என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ராசிபுரம் தாண்டி ஒருவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். “ஏனுங்க, ரோட்டுக்கு லைட் அடிக்கிறீங்களா, தென்னமரத்துல தேங்கா எண்றீங்களா?” என்றார். அப்போதுதான் புரிந்தது. முந்தின வாரம் உடைந்த ஹெட்லைட்டைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டியவன் நானேதான். வெளிச்சம் மேலே போகிறதா கீழே போகிறதா என்று ஒரு சுவரில் அடித்துப் பார்க்கக்கூட இல்லை.

வெளிச்சத்தை ஏற்றி இறக்க லைட்டுக்குப் பின்னால் ஒரு திருகு உண்டு. கடையில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கினேன். எங்கள் பக்கம் ஸ்டார் என்றால் கூட்டல் குறி மாதிரி முனை உள்ளது. வைத்து அமுக்கித் திருப்பினால் வழுக்கிக்கொண்டே சுற்றியது. திருகின் தலை கொஞ்சம் பொடியாக உதிர்ந்ததுதான் மிச்சம். நாளைக்குப் பார்க்கலாம் என்று டூல்ஸ் பெட்டியை மூடினேன். அந்த நாளை ஒன்பது நாளாக வரவில்லை.

பத்தாம் நாள் விடிகாலை லோடு ஏற்றிக்கொண்டு எங்கள் வெண்ணந்தூர் எல்லையில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் பாரம் இருந்தால் வண்டியின் மூக்கு இன்னும் தூக்கும். எதிரே ஒரு மொபெட்டின் சின்ன வெளிச்சம் வந்தது, ஆடியது, காணோம். தோட்டத்துப் பாதையில் திரும்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே அப்படி ஒரு பாதையே கிடையாது. எனக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் டீக்கடைக்குப் போனால், எங்கள் தெருவில் மாடு வைத்துக் காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற பெண், வலது கையில் மாவுக்கட்டோடு நிற்கிறார். கணவர் போர்வெல் ரிக்கோடு வடக்கே போயிருக்கிறார்.

“எவனோ சூரியனையே முன்னால கட்டிட்டு வந்தானுங்ணா. கண்ணே தெரியல, பாலோட பள்ளத்துல வுழுந்துட்டேன். கையி போனாப் போகுது, மாட்டை ஆருங்ணா கறக்கறது? நேத்து ஒரு நேரந்தான் ஆளு கெடச்சுது. பாலு நின்னா மடி கல்லாப் போயிருமுங்க.”

“அவன் லைசென்ஸைக் கிழிச்சுப் போடோணும்!” என்றேன். அங்கிருந்த அத்தனை பேரைவிடவும் சத்தமாக. டீ மாஸ்டரே திரும்பிப் பார்த்தார். தெருவில் என் லாரி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறிச் சேலம் போனேன். லாரியை எடுக்கக் கை வரவில்லை. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கார் சாமான் கடையில், “நல்ல ஸ்டாராக் குடுங்க” என்றேன்.

“எத்தன மூலை ஸ்டாருங்க?”

“ஸ்டாருக்கு மூலையெல்லாம் எண்ணுவாங்களா?”

என் செல்போனில் எடுத்துப் போயிருந்த திருகின் படத்தைக் கடைக்காரர் பெரிதாக்கிப் பார்த்தார். “இது ஆறு மூலைங்க. நாலு மூலைய வெச்சு நோண்டிருக்கீங்க. ஆராச்சும் மெக்கானிக்கக் கேட்டிருக்கலாமில்லீங்க?”

கேட்டிருக்கலாம். இருபது வருடம் ஓட்டியவன் கேட்பானா?

சாயங்காலம் தறிப்பட்டறைச் சுவருக்கு எதிரே லாரியைச் சமதரையில் நிறுத்தினேன். பல்பின் உயரத்துக்குச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு, இருபத்தைந்து அடி பின்னால் வந்து டிம் லைட்டைப் போட்டேன். வெளிச்சம் கோட்டைத் தாண்டி ஓடு வரைக்கும் ஏறி நின்றது. ஒரு மொபெட் ஓட்டுகிறவரின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். ஆறு மூலை முனை, தேய்ந்த தலையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. திருப்பத் திருப்ப வெளிச்சம் கோட்டுக்குக் கீழே இறங்கியது. நாலு நிமிட வேலை.

அப்படியே அந்தப் பெண் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் சொல்வதற்கு ஒரு தமாஷ் தேடினேன், ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் மாட்டுக்குப் பக்கத்தில் குந்தி, இடது கையால் கறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு காலை மாற்றி மாற்றி வைத்தது. பாத்திரத்தில் அடி மறையும் அளவுக்குக்கூடப் பால் இல்லை.

“அம்மிணி, நேத்து எதுக்கால வந்த லாரி என்னுதுதான். லைட்டு மேல அடிக்குதுன்னு தெரிஞ்சேதான் ஓட்டுனேன். இப்பத்தான் எறக்கி வெச்சுட்டு வாரேன்.”

அவர் திரும்பவில்லை. பாத்திரத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

“பால் கறக்கத் தெரியுமா?”