மாளிகைக்குக் கிடைத்த புதுப் பேய்

இத்தாலியில், பலேர்மோ நகரத்துப் பொலிதேயாமாப் பக்கம் நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, செக் நாட்டுக்காரி. பலேர்மோக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர். இப்போது தனியாக இருக்கிறார். அவருடைய ஊரில் குடும்பத்துக்கு ஒரு மாளிகை இருந்தது. தாத்தா அதை ஒரு பிரபுவிடம் வாங்கினார். போரில் ஜெர்மன்காரர் வந்து குந்தினார்கள். பிறகு அரசாங்கம் எடுத்து உள்ளே டிராக்டர் நிறுத்தி வைத்தது. ஆட்சி மாறித் திரும்பக் கிடைத்தபோது கூரை ஒழுகியது, சிஞ்ஞோரா விற்றுவிட்டார். வாங்கியவரும் விற்றுவிட்டார். நான் கண்ணாடி துடைக்கத் தொடங்கினால் இந்தக் கதையும் தொடங்கும். வேலை முடிந்து வந்தால் என் கணவர், "மாளிகை இண்டைக்கு ஆரின்ரை கையிலை?" என்று கேட்பார்.

போன மாரியில் அதன் புது முதலாளி வீடியோ கால் எடுத்தார். இளைஞர். மாளிகையைக் கல்யாண மண்டபம் ஆக்கியிருந்தார். சிஞ்ஞோரா முத்துமாலை போட்டு உட்கார, நான் போனைப் பிடித்தேன். அவர்கள் செக்கில் கதைத்ததைச் சிஞ்ஞோரா எனக்கு இத்தாலியனில் சொன்னார். பிரபுவின் படுக்கையறை என்று இளைஞர் பெருமையாகக் காட்டியது உடுப்புத் தோய்க்கும் அறையாம். சிஞ்ஞோராவுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்து மாடிப்படிச் சுவரில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண்ணின் படம் வந்தது. சிஞ்ஞோராவின் முகம் சிவந்தது.

"என்ன சொல்லுறார்?" என்றேன்.

"இதுதான் எங்கடை பேயாம். கடைசி எசமானியாம். அது என்ரை அம்மா!"

"ராவிலை நடந்து திரியிறவவோ?"

"அவ படுத்தா இடி விழுந்தாலும் எழும்பமாட்டா. குறட்டைதான் வீடு முழுக்கத் திரியும்."

படத்தைக் கழற்றச் சொன்னார் சிஞ்ஞோரா. பேயைப் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள், கழற்ற முடியாது என்று இளைஞர் கெஞ்சினார்.

"அப்ப வேறை ஆரையாவது பேயாக்கச் சொல்லுங்கோ," என்று பகிடியாகச் சொன்னேன்.

சிஞ்ஞோரா யோசித்தார். பிறகு செக்கில் ஏதோ சொல்ல, இளைஞர் சிரித்த சிரிப்பில் திரையே ஆடியது. தாத்தாவுக்கு மாளிகையை விற்ற பிரபு, விற்ற பிறகும் போக மனமில்லாமல் மாதக்கணக்கில் அங்கேயே இருந்து சாப்பிட்டாராம்.

"அவரைவிடப் பொருத்தமான பேய் ஆர்?" என்றார் சிஞ்ஞோரா.

சில கிழமை கழித்துப் புதுப் படம் போனுக்கு வந்தது. மாடிப்படிச் சுவரில், அம்மாவின் படம் இருந்த இடத்தில், மீசை வைத்த பிரபு நின்றார். சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்தார்.

"மூக்கு காணாது. அவருக்கு இதைவிடப் பெரிசெண்டு தாத்தா சொல்லுறவர்," என்று சொல்லி, உடனே அந்த இளைஞருக்கு வீடியோ கால் எடுக்கச் சொன்னார்.