வெள்ளிக்கிழமை ரப்பர் மீன்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பன்னிரண்டு கிலோ மீனைப் பாழாக்கினேன். சோம்பலால் இல்லை. வீட்டில் அம்மா பழக்கியபடி மிகவும் சுத்தமாகச் செய்ததால்தான் பாழானது.

நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய லின்ஃபீல்டில், எங்கள் வாடகை வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தது அந்தத் தூண்டில் சாமான் கடை. முதலாளி அன்ரன், யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்த மலேசியக்காரி. என் கணவர் மாணிக்கத்துக்குக் கிடங்கு வேலையில் முதுகு பிடித்துக்கொண்டு ஆறு மாதமாக நிமிர முடியவில்லை. மகள் படித்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குப் போனால்தான் வீடு நடக்கும் என்ற நிலை. கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். மூன்று மாதம் பார்ப்பேன், சரிவந்தால் நிரந்தரம் என்றார் அன்ரன் அண்ணன்.

முதல் நாள் காலையில் ஒரு பெட்டி மடவை மீனைக் காட்டி, "இதை வெட்டி உப்புப் போட்டு வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மீன் வெட்டுவது எனக்குப் புதிதா? செதில் தட்டி, குடலை எடுத்து, தலையை வீசி, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினேன். டீ நேரத்தில் வீட்டுக்கு ஓடிப்போய் மஞ்சள்தூள் டப்பாவைக் கொண்டுவந்து உப்போடு சேர்த்துப் பிசறி வைத்தேன். மீன் தங்கம் மாதிரி இருந்தது.

திரும்பி வந்தவர் வாளிக்குள் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, குழம்பு வைக்கப் போறியளோ?"

"மீன்னா கழுவ வேணாமா அண்ணே? கவுச்சி போகணும்லா?"

"அந்த மணம்தான் தங்கச்சி இரை. ரத்தம், குடல், எண்ணெய் எல்லாம் இருந்தால்தான் தண்ணிக்குள்ள இருக்கிற மீன் தேடி வரும். நீங்கள் அதைக் கழுவி ஊத்திப்போட்டியள்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவர்களுக்கு என் முதல் பாடம் அதனால் இதுதான்: இரையைச் சமையலறைக் கண்ணோடு பார்க்காதீர்கள். சாப்பிடப்போவது நீங்கள் இல்லை.

கடையின் சட்டம்

மறுநாள் இன்னொரு குண்டைப் போட்டார்.

"இந்தக் கவுண்டருக்குப் பின்னால நிக்கிற ஆள் ரெண்டு மீன் பிடிச்சிருக்க வேணும். உயிர் இரையில ஒண்டு, ஜிக்கில ஒண்டு. தன்ர கையால. பிடிக்காத ஆளை வச்சு ஒருக்கா வித்துப் பார்த்தனான். சனம் வந்து என்னோடதான் சண்டை பிடிச்சுது. மூண்டு மாசத்துக்குள்ள நீங்களும் பிடிக்க வேணும்."

ஜிக் என்றால், ஈயத்தில் தலை வைத்த ஒரு கொக்கி. அதில் ரப்பரில் செய்த சின்ன மீனைக் கோத்து, தண்ணீரில் ஆட்டி, உண்மை மீன் என்று பெரிய மீனை நம்ப வைப்பது. உயிர் இரை என்றால் பெயரே சொல்கிறது, துள்ளும் குட்டி மீனைக் கொக்கியில் மாட்டுவது. ஆயிரம் மீன் வெட்டிய கைதான் எனது. ஆனால் எல்லாம் மார்க்கெட்டில் செத்துக் கிடந்தவை. உயிரோடு ஒன்றைக் குத்த என்னால் முடியாது.

இதைச் சொல்லவே தைரியம் இல்லாதபோது, இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. வியாழக்கிழமை மாலை கடையைப் பூட்டும்போது சொன்னேன்.

"அண்ணே, நாளைக்கு வெள்ளி. நான் மீன் தொட மாட்டேன். வீட்டுக்காரர் முதுகு நல்லா ஆகணும்னு அம்மனுக்கு வேண்டுதல்."

வார இறுதிக்கு இரை வாங்கக் கடை நிறையக் கூட்டம் வருவதே வெள்ளிக்கிழமைதான். எந்த முதலாளிக்கும் கோபம் வரும். அவர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"பொட்டலத்தில கட்டி ஐஸா இருந்தாலும் தொட மாட்டியளோ?"

"ஐஸா இருந்தாலும் மீன் மீன்தானே அண்ணே."

"ஓம், அதுவும் சரிதான்." சாவியைப் பையில் போட்டார். "ரப்பருக்கு உயிர் இல்லைத்தானே? வெள்ளியில நீங்கள் ரப்பர் பக்கம் நில்லுங்கோ. ஃப்ரீசரை நான் பாக்கிறன்."

அப்படித்தான் வெள்ளிக்கிழமைகளில் நான் சைவ இரை விற்க ஆரம்பித்தேன்.

தொட்டதும் இழுக்காதே

திங்கட்கிழமை கடை விடுமுறை. அன்று அன்ரன் அண்ணன் என்னை மனுக்காவ் பக்கத்தில் ஒரு படகுத்துறைக்கு, அதாவது ஜெட்டிக்கு, கூட்டிப்போவார். அவர் மனைவி ஜெசிந்தா அக்காவும் ஃபிளாஸ்கில் தேநீரோடு வருவார். முதல் மூன்று திங்கள் உயிர் இரைக்கான குட்டி ஸ்ப்ராட் மீனைக் கையில் பிடித்தபடி நின்றதுதான் மிச்சம். குத்த மனம் வரவில்லை.

"முதுகுத் துடுப்புக்கு முன்னால, தோலுக்குக் கீழ மட்டும்" என்றார் அண்ணன். "நடு முள்ளில படக் கூடாது. பட்டால் செத்துப்போகும், பிறகு அது உயிர் இரை இல்லை. கையை நனைச்சுப்போட்டுப் பிடியுங்கோ. காய்ஞ்ச கை அதுக்குச் சூடு."

நாலாவது திங்கள் கண்ணை மூடாமல் மாட்டினேன். மாட்டியபின் அது நன்றாகவே நீந்தியது. கொஞ்ச நேரத்தில் கயிறு லேசாகத் துடித்தது. வெடுக்கென்று இழுத்தேன். பாதி ஸ்ப்ராட் மட்டும் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே மந்திரம்: "தொட்டதும் இழுக்காதேங்கோ. பெரிய மீன் முதல்ல தொட்டுப் பாக்கும். விடுங்கோ. வாய்க்குள்ள எடுத்து அது திரும்பட்டும். பிறகு மெதுவாச் சுத்துங்கோ."

தெரிந்துகொண்டதும் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது. விரலில் துடிப்பு தெரிகிறது, மனசு இழு இழு என்கிறது, ஆனால் இழுக்கக் கூடாது. இரண்டாம் மாத முடிவில் உயிர் இரையில் கஹவாய் என்ற இந்த ஊர்க் கடல்மீன் ஒன்றைப் பிடித்தேன். ஒன்று முடிந்தது. ஜிக்கில்தான் ஒன்றும் ஆகவில்லை. மழை ஒரு திங்களைத் தின்றது, காற்று இரண்டு திங்களைத் தின்றது. மூன்று மாதம் முடிகிற வாரமும் வந்துவிட்டது.

பெரிய வெள்ளி

அந்தச் சனிக்கிழமையோடு தவணை முடிகிறது. புதன்கிழமை அன்ரன் அண்ணன் சொன்னார்: "வெள்ளி பெரிய வெள்ளி. சட்டப்படி கடை பூட்டு. எங்களுக்கு மூண்டு மணிக்குத்தான் கோயில். காலமை ஜெட்டிக்கு வாங்கோ, அதுதான் கடைசி."

அவர் கத்தோலிக்கர். அன்றைக்கு அவர்களுக்கு இறைச்சி ஆகாது, மீன் ஆகும். எனக்கோ மீன்தான் ஆகாது. ஞாபகப்படுத்த வாயெடுத்தேன். அது கடைசி என்று அவர் சொன்ன சொல் என் வாயை அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன். மாணிக்கம் தரையில் விரித்த பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டுதல் என் முதுகுக்குத்தானே? என் முதுகு ஒன்னும் கோவிச்சுக்காதுலா. போய்ட்டு வா."

"அம்மன் கோவிச்சுக்கிட்டா?"

வெள்ளிக்கிழமை விடிந்தது.

போனேன். ஜிக் வீசுவது ரப்பர் வேலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று இல்லை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கனம் குறைந்த ஈயத்தலையைக் கட்டினேன். வீசி, அடிவரை இறங்க விட்டு, கயிற்றைத் தொய்ய விடாமல், தூண்டில் கோலான ராடை மெதுவாக இரண்டு தரம் தூக்கி மறுபடி இறங்க விட்டேன். புதியவர்கள் இதில்தான் தப்பு செய்வார்கள். தூக்கும்போது மீன் கடிக்கும் என்று நினைத்துக் குத்துக் குத்தென்று குத்துவார்கள். இறங்கும்போதுதான் பெரும்பாலும் கடிக்கும். அதனால் இறங்குகிற கயிற்றைத்தான் பார்க்க வேண்டும். அது சட்டென்று நின்றாலோ பக்கவாட்டில் போனாலோ, அங்கே மீன் இருக்கிறது.

கயிறு பக்கவாட்டில் போனது. ராட் வளைந்தது.

வலையில் ஏறியதும் பார்த்தால் ஸ்னாப்பர் மீன், செம்பருத்தி நிறத்தில் மினுங்கிக்கொண்டு. "கழட்டி அளந்து பாருங்கோ!" என்று கத்தினார் அன்ரன் அண்ணன். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அண்ணே, இன்னைக்கு வெள்ளி."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஜெசிந்தா அக்கா ஃபிளாஸ்க் மூடியைக் கையில் வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பையிலிருந்த துண்டைக் கடல் தண்ணீரில் நனைத்தேன். துண்டோடு சேர்த்து மீனைப் பிடித்து, குறட்டால் கொக்கியைக் கழற்றி, அளவுப் பலகையில் வைத்தேன். முப்பது சென்டிமீட்டர் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது இங்குள்ள விதி. முப்பத்துமூன்று இருந்தது.

"பிடிச்சாச்சு" என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய. "தாங்கோ, மத்தியானத்துக்கு இவ சட்டி கழுவி வச்சிட்டா."

நான் துண்டோடு குனிந்து அதைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை என் கையால் ஓர் உயிர் போக வேண்டாம் என்பதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. விட்ட பிறகுதான் யாருடைய சாப்பாட்டை விட்டேன் என்று உறைத்தது. வேலை போய்விட்டது என்றே முடிவுசெய்தேன்.

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "டின்மீன் இருக்கப்பா, வாங்கோ" என்றார்.

"உங்கட வேண்டுதலுக்கு என்ர மத்தியானச் சாப்பாடு போயிட்டுது" என்றார் அவர் கடைசியில். "நாளைக்குச் சனிக்கிழமை, சனம் வரும். காலமை ஆறு மணிக்குக் கவுண்டரில நில்லுங்கோ."

மீன் ரோல்ஸ்

அதன்பின் பத்து வருஷம் அந்தக் கவுண்டரில் நின்றேன். 'வெள்ளிக்கிழமை ஜிக்' என்று எனக்கு ஒரு கூட்டமே சேர்ந்தது. பாபகூராவிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் உண்டு. எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் குமரேசன், மதுரைக்காரர், முதலில் வந்தபோது, "மேடம், உயிரோட இருக்கிற இரை வேணும், ரப்பர்ல எவன் ஏமாறுவான்?" என்றார். "நீங்க ஏமாற வேணாம் தம்பி, மீன் ஏமாந்தா போதும்" என்று நாலு ரப்பர் மீனைக் கட்டிக் கொடுத்தேன். திங்களன்று பிடித்த மீனின் படம் அனுப்பினார். அதற்கப்புறம் வெள்ளி தவறாமல் வந்தார்.

இரண்டு வருஷத்தில் மாணிக்கத்தின் முதுகு சரியானது. கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடித்தோம். அதோடு வெள்ளிக்கிழமைக் கட்டும் முடிந்தது. ஆனால் அதைக் கடையில் சொல்லவில்லை. முதல் வெள்ளி மறந்தேன். அடுத்த வெள்ளி கூட்டம். அப்புறம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஜிக் கூட்டத்தை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, உண்மை அதுதான். எட்டு வருஷம், வெள்ளிக்கு வெள்ளி, அந்த மனிதர் ஃப்ரீசருக்குள் கையை விட்டு இரை எடுத்துக் கொடுத்தார். கடைசி வருஷங்களில் விரல் மூட்டு வீங்கி, எடுத்தபின் சூடான தேநீர்க் கோப்பையைப் பிடித்துக் கையைச் சூடேற்றுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். அப்போதும் சொல்லவில்லை.

போன மாதம் ஓய்வுபெற்றேன். கடைசி நாளும் வெள்ளியாக அமைந்தது. காலையில் கடை திறக்குமுன் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, என் வேண்டுதல் முடிஞ்சு எட்டு வருஷமாச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டேன். மன்னிச்சுருங்க."

அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"தெரியும்."

"எப்படி?"

"என்ர மகளின்ர கலியாண ரிசெப்ஷன் வெள்ளிக்கிழமை. நீங்கள் மீன் ரோல்ஸ் மூண்டு சாப்பிட்டியள். நானெல்லோ தட்டைக் கொண்டுவந்தனான்."

கணக்குப் பார்த்தேன். அந்தக் கல்யாணம் முடிந்து ஏழு வருஷம்.

"ஏன் அண்ணே அப்பவே கேக்கல?"

"தொட்டதும் இழுக்கக் கூடாதெண்டு உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

எனக்கு அழுகைதான் வந்தது. நான் மீனுக்குப் பழகிய பொறுமையை அவர் எனக்காக ஏழு வருஷம் பிடித்திருக்கிறார், ஃப்ரீசருக்குள் கையை விட்டபடி. இளையவர்களுக்கு நான் சொல்ல ஏதாவது இருந்தால் இதுதான். கொக்கி, ஈயம், ரப்பர் எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். தெரிந்த பிறகும் இழுக்காமல் இருப்பதைப் பழகுங்கள். மீனிடமும், மனிதரிடமும்.

முதல் வாடிக்கையாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து இரண்டு பொட்டலம் இரை கேட்டார். அன்ரன் அண்ணன் எழுந்தார்.

"உக்காருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, ஃப்ரீசரை நான் திறந்தேன்.