மூன்றாம் பிரிவில் நான் அள்ளிப்போட்ட தழை

கல்வராயன் மலைப் பாதைகளை ஒவ்வொன்றாக நடந்து, வரைபடத்தில் ஏற்றி, புதர் மண்டிய இடங்களை வெட்டிச் சரிசெய்யும் வேலையை நானும் சலீமும் இரண்டு வருடங்களாகச் செய்துவருகிறோம். சலீம் கள்ளக்குறிச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அரிவாள், கைரம்பம், கயிறு எல்லாம் அவர் உபயம். கைபேசியில் தடம் பதிவதும் படம் வரைவதும் என் பொறுப்பு. எனக்குச் சுத்தப் பைத்தியம் கொஞ்சம் உண்டு. அதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

இந்தப் பயணம் ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை. இடஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். அன்றைக்கு ஒன்பது மணிக்கு மலைச் சாலையில் மறியல் என்று முதல் நாளே தெரிந்துவிட்டதால், காலை 5.20க்கே சலீமின் பைக்கில் கிளம்பிவிட்டோம். கச்சிராயபாளையத்தில் டீ, ஆளுக்குப் பத்து ரூபாய். பக்கத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் பையில் நீட்டிக்கொண்டிருந்த அரிவாளைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாக்கா, ரோட்டுக்குக் குறுக்க மரம் வெட்டிப் போட வந்தீங்களா? அதெல்லாம் இந்த வாட்டி இல்ல. சும்மா குந்திக்கினு கோஷம் போடறதுதான். ஒம்போதுக்கு மேல வண்டி வுட மாட்டோம், போறதுன்னா இப்பவே போய்க்கினே இருங்க."

அடிவாரத்து ஊருக்கு 6.30க்குப் போய்ச் சேர்ந்தோம். (வனத்துறை அனுமதி முன்பே வாங்கியிருந்தோம். நீங்களும் வாங்காமல் போகாதீர்கள்.) அங்கிருந்து மேல் ஊருக்கு 6.2 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. இரண்டு ஊர்ப் பெயரையும் எழுத வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. 6.45க்கு ஏற ஆரம்பித்தோம்.

பாதை பிரியும் இடங்கள் மூன்று: 1.4, 2.6, 4.1 கிலோமீட்டரில். மூன்றிலும் ஒரு கிளையின் வாயில் பச்சைத் தழை குறுக்கே கிடந்தது, மேலே ஒரு கல். ஆடு மேய்க்கிறவர்கள் ஒடித்துப் போட்ட குப்பை என்று நினைத்து, மூன்றையும் அள்ளிப் புதருக்குள் வீசினேன். கிளை வழிகளையும் படத்தில் காட்ட வேண்டுமே என்று ஒவ்வொன்றிலும் ஐம்பது மீட்டர் உள்ளே போய் வந்தோம். மூன்றாவது கிளையில் உண்ணிச்செடி அடைத்துக்கொண்டு நின்றதால், அதை மட்டும் இருபது நிமிடம் வெட்டிப் பளிச்சென்று ஆக்கினோம். "கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்குக்கா," என்றார் சலீம். நானும் பெருமையாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

10.05க்கு மேல் ஊர். ஒரு வீட்டு வாசலில் சின்னப் பந்தல், அடுப்பில் சோறு கொதிக்கிறது. வீட்டுக்காரர் சடையன் எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். அன்றைக்கு அவர் மகளுக்குக் காதுகுத்து.

"வழில எம் மச்சான் கூட்டத்தப் பாத்தீங்களா? பஸ்ஸு வராதுன்னு காட்டு வழியா வரச் சொல்லிக்கிறேன். இந்நேரம் வந்திருக்கணும். உச்சிக்கு முன்னாடி குத்தணும்ங்க."

பார்க்கவில்லை என்றேன். வழி பளிச்சென்று இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் வேறு சொன்னேன். பிரிவில் கிடந்த தழையைக்கூட எடுத்துப் போட்டுவிட்டோம் என்றதும் அவர் முகம் மாறியது.

"கல்லு வெச்ச தழையா?"

"ஆமாம்."

"ஐயோ, அது நான் வெச்சதும்மா! மச்சானுக்கு இந்த வழி தெரியாது. இருட்டு பிரியறதுக்குள்ள எறங்கிப் போயி, தப்பு வழிக்கெல்லாம் தழை போட்டு மறிச்சுட்டு வந்தேன். தழை கெடந்தா போவாத, காலியா இருக்கிற வழில வான்னு போன்ல சொல்லிக்கிறேன்!"

மறித்த வழியைத் திறந்துவிட்டது போதாதென்று, தப்பான வழிக்குத்தான் வாசல் அலங்காரம் பண்ணிவிட்டு வந்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. உள்ளேயிருந்து குழந்தையோடு வந்த சடையனின் மனைவி பூங்கொடி என்னைத் திட்டவில்லை. "எங்கண்ணன் மடில வெச்சுத்தான் குத்தணும். அது வரலன்னா இன்னிக்கி குத்த வேணாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

போனில் கூப்பிட்டால், காட்டுக்குள் மச்சானுக்குச் சிக்னல் இல்லை. சடையனோடு நாங்களும் இறங்கி ஓடினோம். மூன்றாம் பிரிவுக்கு 10.35. நான் வெட்டிய கிளையின் ஈர மண்ணில் ஆட்டுக் குளம்பும் செருப்புத் தடமும் வரிசையாக உள்ளே போயிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் எங்கோ மேளச் சத்தம் கேட்டது. காட்டுக்குள் மேளம் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யார் கண்டது!

900 மீட்டர் உள்ளே, பாதை முடிந்துபோன ஒரு பாறையில் பதினோரு பேர், ஒரு கிடா, சீர்த்தட்டுகள். மேளக்காரர் யார் காதிலாவது விழட்டும் என்று அடித்துக்கொண்டிருந்தார். சீர் வாழைப்பழத்தில் பாதி காலி. தாய்மாமன் கோவிந்தன் எழுந்து வந்தார்.

"மொத ரெண்டு எடத்துல குருட்டாம்போக்குல வந்துட்டேன் மாமா. இங்க பாத்தா வழி ஜோரா வெட்டி வெச்சிருக்குது. எனக்காவத்தான் நீங்க வெட்டிக்கிறீங்கன்னு நெனச்சு வந்துட்டேன்."

"வெட்டுனது இவங்கதான்," என்று சடையன் என்னைக் காட்டினார். மேளக்காரர்தான் முதலில் சிரித்தார். தண்டனையாகக் கிடாவை என் கையில் பிடித்துக் கொடுத்தார்கள். அது ஏற மாட்டேன் என்று அடம்பிடித்ததில் என் உள்ளங்கை இரண்டு நாள் எரிந்தது.

பிரிவுக்குத் திரும்பும்போது மணி 11.05. எல்லோரும் ஓட்டமும் நடையுமாக ஏற, கோவிந்தன் மட்டும் நின்று ஒரு தழையை ஒடித்தார். தப்பு வழியில் குறுக்கே போட்டு, கல்லைத் தேடி எடுத்து மேலே வைத்தார்.

"நேரமாகுதே, நீங்கதான் கடைசி ஆள், வாங்க!" என்று கத்தினேன்.

"எனக்குப் பின்னாடி யாராச்சும் வருவாங்கல்லம்மா," என்றார்.

11.50க்கு மேல் ஊர். 11.56க்குக் குழந்தை மாமன் மடியில். ஊசி பட்டதும் அது ஊரே அதிர அழுதது. மாமனும் கூடவே அழுதார். பூங்கொடி என் இலையில் கறியை அள்ளி வைத்து, "சாப்பிடுக்கா. மிச்சம் வெச்சா அதையும் கூட்டித் தள்ளிடுவ," என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மதியம் மூன்றுக்கு இறங்கினோம். இரண்டாவது, முதல் பிரிவுகளில் நானே தழை ஒடித்துப் போட்டேன். சரியான வழியில் போட்டுவிடப் போகிறேன் என்று சலீம் இரண்டு தடவை சரிபார்த்தார். 5.10க்கு அடிவாரம். மறியல் முடிந்து சாலை திறந்திருந்தது.

போகிறவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்றாம் பிரிவுக்கு மேல் நிழல் கம்மி. கையில் வேலை இல்லாமல் நடந்தால் ஏற இரண்டரை மணி, இறங்க இரண்டு மணி நேரம். இருவருக்கும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு பெட்ரோல் 200, டீ 20. கறிச்சோறுக்குக் காசு கொடுக்கப் போய்த் திட்டு வாங்காதீர்கள்.

வரைபடத்தை இதோடு இணைத்திருக்கிறேன். மூன்று பிரிவுகளிலும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "இங்கே தழை கிடந்தால் தொடாதீர்கள். பின்னால் யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள்."