பால் டம்ளருக்குக் கீழே நான் எழுதியது

நாளைக் காலை பள்ளி திறக்கிறது. ஒன்றாம் வகுப்புச் சுவரில் படம் வரைந்து கன்னடத்தில் பெயர் எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஆறு நாள் உழைப்பு. தீர்ந்த பெயிண்ட், முடிந்த படம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துச் சரிபார்த்தேன்.

எழுத்தை மட்டும் சரிபார்க்கவில்லை. பஸ் போர்டு படித்தே கன்னடம் கற்றவள் நான்.

இன்று தலைமையாசிரியை வந்தார். பால் டம்ளர் படத்தின் முன் நின்றுவிட்டார்.

“ஏன்றீ, மக்களிகெ ஹாளு குடிஸ்தீரா?”

கன்னடத்தில் பால் என்றால் ‘ஹாலு’. நான் எழுதியிருந்தது ‘ஹாளு’. அதாவது, பாழ். பிள்ளைகளுக்குப் பாழைக் குடிக்கக் கொடுப்பீர்களா என்று கேட்டிருக்கிறார்.

“ஐயோ மேடம், இப்பவே அழிச்சிடறேன்!”

“காலையில பசங்க வர்றதுக்குள்ள அழியலேன்னா, சுவர் பூரா சுண்ணாம்புதான், நோடி” என்று தனக்குத் தெரிந்த கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு நாள் வரைந்த அத்தனை படமும் போய்விடும்.

மேலே பூசி மறைக்கப் பெயிண்டும் மிச்சமில்லை. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். கை எரிகிறது, கண்ணும் எரிகிறது. டம்ளர் அழிந்துவிட்டது. பாழ் மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

எனாமல் பெயிண்ட் போக வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெருமாளிடமும் முறையிட்டுவிட்டேன். அவர் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறார்.