அக்கா முதுகு காட்டி ஓட்டிய கார்

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தின் பழைய திடலில் ஞாயிறுதோறும் நாங்கள் ரிமோட் கார் பந்தயம் விடுகிறோம். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டு வாரம் வருவார்கள். அப்புறம் ஆளையே காணோம். அவர்களுக்கு ஆர்வம் போதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

என் அக்கா கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் சாமான் தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறாள். அவளுக்கும் இந்த ஆசை வந்தது. கூட வேலை செய்யும் மூன்று பெண்களுக்கும் ஆசைதான். ஆனால் அக்கா எங்கும் மோதாமல் ஒரே ஒரு சுற்று முடித்தால்தான் நாங்கள் வருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று ஞாயிறு போயிற்று. கார் நம்மை விட்டு விலகிப் போகும்போது தொல்லையில்லை. நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போதுதான் வம்பு. அதன் வலது நமக்கு இடது. அக்கா ஒவ்வொரு முறையும் தப்பான பக்கம் திருப்பி, ஓரத்துப் பலகையில் கொண்டுபோய் மோதினாள்.

"மாத்தித் திருப்புக்கா! எத்தன வாட்டி சொல்றது?" என்று நாலாவது ஞாயிறும் கத்தினேன்.

"சூசாலா தம்பி, ரொம்பக் கஷ்டமா இருக்கு. இன்னிக்கும் வரலன்னா நான் விட்டுர்றேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. எனக்கே சுருக்கென்றது.

கவிழ்ந்தால் நிமிர்த்திவிடலாம் என்று வளைவில் போய் நின்றேன். கார் கிளம்பிக் கோடிவரை போய்த் திரும்பியது. அக்கா சட்டென்று அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலே பார்த்தபடி ஓட்டினாள். இப்போது காரும் அவளும் ஒரே திசையைப் பார்த்தார்கள். அதன் வலது அவளுக்கும் வலது. கார் என்னைத் தாண்டி, பலகையைத் தொடாமல், நூல் பிடித்த மாதிரி வந்து சேர்ந்தது.

பந்தயத்துக்கு வந்திருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்து வருஷமாக ஓட்டுகிறேன், எனக்கு இது தோன்றவே இல்லையே!

"எப்படிக்கா?"

"சாமான் ஒசரமா இருந்தா முன்னால தெரியாதுடா. நாள் பூரா இப்படித்தான் ரிவர்ஸ்ல ஓட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்தாள். "முடிச்சிட்டேன்லா! அடுத்த வாரம் கெளம்பி வாங்க!"

எத்தனை பேரை நான் கத்தியே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு அந்த மூன்று பெண்களும் வந்தார்கள். அக்கா சொல்லிக்கொடுத்தாள். நான் நாலாவது ஆளாக வரிசையில் நின்று கேட்டுக்கொண்டேன்.