நாற்பது குண்டுக்கு ஒரு குப்பி

விதி பதினேழு, உட்பிரிவு இரண்டு: உடல்நிலை காரணமாகச் சலுகை கேட்டு உறுப்பினர் எழுதும் கடிதத்துக்குப் பதினான்கு வேலை நாட்களுக்குள் செயற்குழு எழுத்தில் பதில் தரவேண்டும். எங்கள் துப்பாக்கி சுடும் மன்றத்தின் விதிப்புத்தகத்தில் இது இன்றும் இருக்கிறது.

நான் எழுதியது மே மாதம் முதல் வாரம்.

கேட்டது பெரிய விஷயமில்லை. இடது தோளில் தசைநார் கிழிந்த பிறகு, நெம்புகோலை இழுத்துக் காற்றை அடைக்கும் ஏர் ரைஃபிளை என்னால் இயக்க முடியவில்லை. மன்றத்தில் மிச்சமிருந்தது ஒரு பழைய ரைஃபிள். விரல் நீள இரும்புக் குப்பியில் அடைத்த கரியமில வாயுவால் சுடுவது. தாங்கியில் சாத்திவிட்டால் வலது கை ஒன்றே போதும். ஆனால் குப்பியைத் துளைத்துவிட்டால் தீரும்வரை கழற்ற முடியாது; தீர்ந்தால் குப்பைத்தொட்டிதான். ஒரு குப்பியின் விலைக்குக் கோப்பிக்கடையில் கோப்பியும் ரொட்டியும் சாப்பிடலாம். முப்பது குண்டுவரை நேராகப் போகும். அதன்பின் அழுத்தம் குறைந்து, குண்டு தாழ்ந்துகொண்டே வரும்.

அரையாண்டுத் தேர்வுக்கு நாற்பது குண்டு. நடுவில் ஒருமுறை குப்பி மாற்ற அனுமதி கேட்டிருந்தேன்.

ஜூன் முடிவதற்குள் தேறாவிட்டால் உறுப்பினர் இல்லை. மறுபடி சேர மருத்துவச் சான்று வேண்டும். இந்தத் தோளைப் பார்த்து எவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். வீட்டில் துப்பாக்கி வைத்துச் சுடும் ஊரும் இதுவல்ல. இரண்டு வருடமாக என் வலது கை நடுங்குகிறது. தோ பாயோ வீட்டில் ரசத்தைச் சிந்துகிறேன். மனைவி பார்க்காதவள்போல் துணியை நகர்த்தி வைக்கிறாள். சனிக்கிழமை காலை, விசையில் விரலை வைத்து மூச்சை நிறுத்தும் சில நொடிகளில் மட்டும் நடுக்கம் நிற்கிறது. ஏனென்று மருத்துவருக்கும் தெரியவில்லை. அந்த நொடிகளை விட்டால் இந்தக் கை என்னுடையது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

பதினான்கு வேலை நாள் முடிந்ததும் செயலாளரை அழைத்தேன்.

"கமிட்டி இன்னும் உட்காரலை, அங்கிள்."

"ஏன்மா, நாற்காலி இல்லையா?"

"குவோரம் வரலை லா. மூணு பேர் லீவு."

இரண்டாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவதை நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவனுக்கு முத்திரையின் மதிப்பு தெரியும்: நாம் காத்திருக்கிறோம் என்பதற்கு அது அத்தாட்சி. அவ்வளவுதான்.

ஜூன் நடுவில் ஜாலான் புசார் இரும்புக்கடைகளில் ஏறி இறங்கினேன். பெரிய குப்பி கிடைக்குமா என்று. ஒரு கடைக்காரர் எடுத்து நீட்டினார்.

"பதினாறு கிராம், அங்கிள். சைக்கிள் டயருக்கு அடிக்கிறது."

"கழுத்து நீளமா இருக்கே, உள்ளே உட்காராது."

"அறுத்துத் தரவா?"

"அறுத்தா ரெண்டு பேரும் சேர்ந்தே மேல போயிடலாம்."

"அப்போ வேணாம் லா. மத்தியானம் பிரியாணி சொல்லிருக்கேன்."

ஜூனின் கடைசிச் சனிக்கிழமை, தேர்வு நாள், வந்தது. பதில் வரவில்லை. சுடுதள அதிகாரியிடம் மூன்று கடித நகலையும் காட்டி, பதில் வரும்வரை தற்காலிகமாகக் குப்பி மாற்றிக்கொள்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கெஞ்சியது.

அவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். "தேர்வு தொடங்கியபின் குப்பி மாற்றக்கூடாதுன்னு இருக்கே, அங்கிள். இதை எழுதினது நீங்கதானே?"

நான்தான். உபதலைவராக இருந்தபோது, யாரோ பாதியில் குப்பியைத் திருகி, வாயு சீறி, பக்கத்துக்காரர் அலறிவிட்டார். அன்றே உட்கார்ந்து எழுதினேன். 'எக்காரணம் கொண்டும்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தபோது எவ்வளவு பெருமை! விதிவிலக்குக்கு ஓர் இடுக்குகூட விடவில்லை.

ஒரே குப்பியில் சுட்டேன். வேகமாகச் சுட்டால் குப்பி இருக்கும் குழாய் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். அதனால் குண்டுக்கு ஒரு நிமிடம் விட்டேன். இடைவெளியில் வலது உள்ளங்கையால் குழாயைப் பொத்திச் சூடேற்றினேன். அதைத் தடுக்கும் விதியை எழுத நான் மறந்திருந்தேன். முப்பத்துமூன்றுவரை கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. முப்பத்துநான்கு கீழே. குறியை உயர்த்தினேன், அடுத்தது இன்னும் கீழே. கை அசையவில்லை, அதுதான் கொடுமை. அசையாத கையோடு ஏழு குண்டையும் காகிதத்தின் அடிவிளிம்பை நோக்கி அனுப்பினேன். கடைசிக் குண்டு அட்டையைத் துளைக்கக்கூட இல்லை.

தேற மூன்று புள்ளி குறைவு. கூட்டிப் பார்த்து நானே கையெழுத்திட்டேன். நுழைவு அட்டையைக் கேட்பதற்கு முன்பே கொடுத்தேன். அதிகாரி, "சாரி, அங்கிள்," என்றார். நடைமுறைப்படி அந்த 'சாரி' தேவையில்லை.

ஜூலை முழுவதும் சனிக்கிழமை காலைகளில் மேசைமுன் உட்கார்ந்து, கரண்டியைப் பிடித்து மூச்சை நிறுத்திப் பார்த்தேன். நடுக்கம் நிற்கவில்லை.

பிறகு கடிதம் வந்தது. 'முன்னாள் உறுப்பினர் அவர்களுக்கு' என்று தொடங்கியது. என் கோரிக்கை பரிவுடன் பரிசீலிக்கப்பட்டதாம். தேர்வின் நடுவில் ஒருமுறை குப்பி மாற்ற அனுமதியாம். உறுப்பினராக இருக்கும்வரை அது செல்லுமாம். தாமதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேல்மூலையில் தேதி மட்டும் ஒழுங்காக இருந்தது: ஆகஸ்ட் பன்னிரண்டு.